மர உடல் பிளானர் ஹெட்போன்: கட்டுமானத்தையும் அணியும் சுகத்தையும் எப்படி எடைபோடுவது?

மாலைநேரக்_கேட்பான்

காதை மூடும் கப் மரத்தில் செய்த பிளானர் மேக்னடிக் ஹெட்போன்களை (தட்டையான மெல்லிய படலத்தைக் காந்தப்புலத்தில் அசைத்து ஒலி எழுப்புபவை) பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒலியைப் பற்றிப் பத்துப் பத்தி எழுதுகிறார்கள், மர ரேகையை நாலு கோணத்தில் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஒரு முழு மாலை தலையில் வைத்திருக்க முடியுமா, சில வருடம் கழித்தும் மரம் வெடிக்காமல் இருக்குமா என்பதற்கு "பில்ட் அருமை, கொஞ்சம் கனம்" என்று ஒரு வரிதான் கிடைக்கிறது. வாங்கியவர் தினமும் அனுபவிப்பது அந்த ஒரு வரியைத்தான். அதனால் ஒலியை இங்கே தள்ளி வைத்துவிட்டு உடலை மட்டும் பேசலாம்.

நான் முதலில் பார்ப்பது எடையை. எடை என்றால் தராசில் காட்டும் எண் மட்டும் இல்லை, அது தலையில் எங்கே உட்காருகிறது என்பதும் சேர்ந்துதான்.

பிளானர் ஏன் கனக்கிறது என்பதற்குக் காரணம் எளிது. சாதாரண ஹெட்போனில் உள்ள டைனமிக் டிரைவரில் (ஒலி எழுப்பும் பாகத்தில்) கம்பிச் சுருள் ஒரே இடத்தில் இருப்பதால் நடுவில் ஒரு காந்தம் போதும். பிளானரில் கடத்தித் தடங்கள் மெல்லிய படலம் முழுக்கப் பரவியிருக்கின்றன. அந்தப் பரப்பு முழுக்கக் காந்தப்புலம் வேண்டும் என்பதால் ஒரு பக்கமோ இரு பக்கமுமோ காந்தப் பட்டைகளை வரிசையாக அடுக்குகிறார்கள். அவற்றைத் தாங்க உறுதியான சட்டம் வேறு. சென்ஹைசர் எச்டி 650 டைனமிக், 260 கிராம். பிளானரான ஆடிஸி எல்சிடி-2 600 கிராமைத் தாண்டும். கருங்காலி வளையம் போட்ட எல்சிடி-4 700 கிராமை ஒட்டி நிற்கும். அதே நிறுவனம் பின்னால் கொண்டுவந்த எல்சிடி-5 420 கிராம்தான், ஆனால் அதில் மரம் இல்லை, அசிடேட் என்ற பிளாஸ்டிக்.

இதைப் பார்த்துவிட்டு "அப்போ மரம்தான் கனம்" என்று சொல்லிவிடக் கூடாது. ஒரு பக்க மர வளையத்தின் கொள்ளளவு 50 கன செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வால்நட் என்றால் ஏறக்குறைய 30 கிராம், கருங்காலி என்றால் 50 கிராம். இரண்டு பக்கமும் சேர்த்து வித்தியாசம் 40 கிராம். கழுத்துக்கு அதுவும் தெரியும்தான். ஆனால் மீதி எடையில் பெரும்பகுதி காந்தத்திலும் உலோகச் சட்டத்திலும் இருக்கிறது. பீச் மரக் கப் வைத்த ஹைஃபைமேன் சுந்தரா குளோஸ்டு பேக் (பின்பக்கம் மூடிய வகை) 432 கிராம். உலோக உடல் கொண்ட மெஸே எம்பிரியன் 430 கிராம். மரம் இருப்பதாலோ இல்லாததாலோ மட்டும் தலைச்சுமை தீர்மானமாவதில்லை.

அடுத்தது ஹெட்பேண்ட். வளைந்த கம்பிக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்த பழைய வகையில் உச்சந்தலையில் ஓர் உள்ளங்கை அகலம்கூட இல்லாத இடத்தில்தான் முழு எடையும் இறங்கும். அரை மணி நேரத்தில் அந்த இடம் சுடும். தொங்கு பட்டை வகையில் தோல் பட்டை தலையின் வளைவுக்கு ஏற்ப அமர்ந்து எடையைப் பரப்பிவிடும். ஆடிஸியும் எல்சிடி வரிசையில் பஞ்சிலிருந்து பட்டைக்கு மாறியதற்குக் காரணம் இருக்கிறது. எம்பிரியனில் பட்டை பக்கவாட்டிலும் இறகு போல விரிந்து இறங்குகிறது. அதைத் தலையில் வைத்துப் பார்த்தவர்கள் 430 கிராம் என்றால் நம்ப மாட்டார்கள்.

கடையிலோ நண்பர் வீட்டிலோ போட்டுப் பார்க்கும்போது நான் நேராக உட்கார்ந்து கேட்பதோடு விடுவதில்லை. குனிந்து மேசையில் எதையாவது படிப்பேன். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து மேலே பார்ப்பேன். குனியும்போது முன்னால் சரிகிறதா, சாயும்போது பட்டை பின்னுக்கு நழுவுகிறதா என்று தெரிந்துவிடும். நழுவுகிற ஹெட்போனைக் கழுத்து தன்னையறியாமல் பிடித்து வைக்கும், வலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மரம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்த்து இது நல்ல வேலை, இது கண்துடைப்பு என்று பிரிப்பது?

---

உளியும்_கொட்டாப்புளியும்

தச்சு வேலை பார்க்கிற குடும்பம் என்பதால் இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஹெட்போன் கப்பும் மர வேலைதான், அளவு சின்னது, அவ்வளவுதான்.

மரம் ஓயாமல் அசையும் பொருள். மழைக்காலத்தில் மரக் கதவு இறுகுவதும் வெயிலில் தளர்வதும் எதனாலோ, அதே காரணம்தான் இங்கேயும். காற்றில் ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும் அறையில் மரத்துக்குள் ஈரம் ஏறக்குறைய 8 சதவீதத்தில் நிற்கும். காற்று 65 சதவீதம் ஆனால் அது 12க்குப் போகும். இந்த 4 சதவீத மாற்றத்தில், 100 மி.மீ. அகல வால்நட் துண்டு ரேகைக்குக் குறுக்கே, அறுத்த விதத்தைப் பொறுத்து, முக்கால் மி.மீ. முதல் 1 மி.மீ. வரை விரியும். ரேகையின் நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. அதாவது வட்டமாகக் கடைந்த வளையம் ஈரம் ஏறும்போது மெல்ல முட்டை வடிவத்துக்குப் போகப் பார்க்கும்.

இப்போது அதே வளையத்தை ஓர் அலுமினியச் சட்டத்தோடு சுற்றிலும் திருகு போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? அலுமினியம் ஈரத்துக்கு அசையாது. 20 டிகிரி வெப்பம் கூடினாலும் 100 மி.மீ.க்கு 0.05 மி.மீ. கூட விரியாது. மரம் அசைய வேண்டும், உலோகம் விடாது. திருகு ஓட்டையிலிருந்து ரேகை வழியாக ஒரு முடி கீறல் கிளம்பும். மரக் கப்பில் வரும் பெரும்பாலான வெடிப்பு இப்படித்தான் வருகிறது. கீழே போட்டு உடைந்தது எல்லாம் குறைவுதான்.

அதனால் நல்ல வேலையை மினுமினுப்பில் தேடாதீர்கள். மூட்டில் தேடுங்கள்.

காதைச் சுற்றி அமரும் பஞ்சு வளையமான பேடைக் கழற்ற முடிந்தால் கழற்றி உள்ளே பாருங்கள். திருகு நேராக மரத்தில் இறங்கியிருக்கிறதா, அல்லது மரத்தில் பித்தளை மரைக்குழல் (உள்பக்கம் மரை வெட்டிய குழல்) பதித்து அதில் இறங்குகிறதா? நேராக மரத்தில் இறங்கினால் இரண்டு, மூன்று தடவை கழற்றி மாட்டியதும் மரை தேய்ந்துவிடும். பித்தளைக் குழல் இருந்தால் அதைச் செய்தவர் பின்னால் யாராவது திறப்பார்கள் என்று யோசித்திருக்கிறார் என்று அர்த்தம். உலோகச் சட்டத்தில் திருகு ஓட்டை திருகை விடச் சற்றுப் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது, மரம் அசைய இடம் கிடைக்கும். யோக் (கப்பைப் பிடித்து ஹெட்பேண்டோடு இணைக்கும் கவை) மாட்டும் முளை எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். அது மரத்திலேயே நின்றால் ஒவ்வொரு தடவை போட்டுக் கழற்றும்போதும் சுமை மரத்தின் மேல் வரும். உள்சட்டத்தில் நின்று, மரம் வெறும் உறையாக இருந்தால் கவலை குறைவு.

ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் முக்கியம். குறுகலான இடத்தில், அதாவது கேபிள் சாக்கெட் துளைத்த இடத்துக்கும் விளிம்புக்கும் நடுவில், ரேகை குறுக்கே ஓடினால் அந்த இடம் பலவீனம். அங்கே நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலும் நகத்துக்குத் தட்டுப்படும்.

இரண்டு கப்பும் ஒரே பலகையில் அடுத்தடுத்து எடுத்தவையா என்று பாருங்கள். நான் இதை அழகுக்காகச் சொல்லவில்லை. ஒரே பலகை என்றால் அடர்த்தி ஒத்துப்போகும், இடது வலது எடை சமமாக இருக்கும், நிறமும் ஒரே மாதிரி முதிரும். வால்நட் வெளிச்சத்தில் வெளுக்கும். செர்ரி கறுக்கும். ஒரு பக்கம் சுவரைப் பார்த்தும் மறுபக்கம் ஜன்னலைப் பார்த்தும் மாட்டி வைத்தால் வருடத்தில் வித்தியாசம் தெரியும்.

மேல்பூச்சு பற்றி என் சொந்தக் கருத்து: கண்ணாடி போல் தடித்த லாக்கரை விட எண்ணெய்ப் பூச்சு எனக்குப் பிடிக்கும். லாக்கர் ஈரத்தை நன்றாகத் தடுக்கும், உண்மைதான், ஆனால் முற்றிலும் நிறுத்தாது. ஒரு இடி பட்டால் வெள்ளைத் தழும்பு விழும், அதைச் சரிசெய்ய முழுப் பூச்சையும் எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சில் நுண்ணிய உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காற்றோடு சேரும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் தூக்கிப் போட வேண்டும்.

---

கண்ணாடி_போட்டவள்

அண்ணா, மூட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் ஹெட்போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பித்தளைக் குழல் இருக்கிறது, நிம்மதி.

என் பிரச்சினை வேறு. எப்போதும் கண்ணாடி போட்டிருப்பேன். ஸீப்ராவுட் மரக் கப், ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்த வகை), தொங்கு பட்டை. எடை பரவாயில்லை. ஒரு மணி நேரம் ஆனதும் காதுக்கு மேலே கண்ணாடிக் காம்பு அழுந்துகிற இடத்தில் வலி வந்துவிடுகிறது. கண்ணாடியைக் கழற்றினால் பேஸ் கூடுவது போலவும் இருக்கிறது. இது என் கற்பனையா?

---

சுருதிப்பெட்டி

கற்பனை இல்லை சகோதரி. பெயர்தான் ஓப்பன் பேக், ஆனால் படலத்துக்கும் உங்கள் காதுக்கும் நடுவில் உள்ள முன்னறை மூடித்தான் இருக்க வேண்டும். பல பிளானர்களில் ஆழமான பேஸ் அடிவரை தட்டையாகப் போவது அந்த மூடலை நம்பித்தான். கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கி ஒரு சின்ன இடைவெளி விட்டால் அந்த வழியாக முதலில் போவது அடிப்பகுதி பேஸ்தான். வலியும் பேஸ் குறைவும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன.

பேட் உள்ளே என்ன பஞ்சு என்று அழுத்திப் பாருங்கள். மெதுவாக அமுங்கி மெதுவாக எழும் மெமரி ஃபோம் என்றால் காம்பைச் சுற்றி அது உருவம் எடுத்துக்கொள்ளும். உடனே எழும் கெட்டியான பஞ்சு என்றால் காம்பை எலும்பில் அழுத்தும். கண்ணாடிக் காம்பு மெல்லிய உலோகமாக இருப்பதும் பெரிய உதவி, தடித்த பிளாஸ்டிக் காம்பு இதற்கு எதிரி.

அப்புறம் பேடின் உள் அளவு. பெரியவர்களின் காது நீளம் பெரும்பாலும் 6 முதல் 7 செ.மீ. வரை. உள்துளை அதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால்தான் காது மடங்காமல் உள்ளே நிற்கும். ஆழமும் வேண்டும். காது மடல் உள்ளே இருக்கும் துணியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது, பிறகு நமைச்சல் தொடங்கும். பின்பக்கம் தடித்து முன்பக்கம் மெலிந்த சாய்வான பேட் காதின் இயல்பான கோணத்தோடு ஒத்துப்போவதால் அதே ஆழத்தில் கூடுதல் இடம் தரும்.

தோலா துணியா என்றால், தோல் மூடலைத் தரும், வெயில் காலத்தில் வேர்க்கும். வெல்வெட் போன்ற துணி குளிர்ச்சி, ஆனால் காற்று கசியும், பேஸ் மெலியும். பாலியூரிதேன் செயற்கைத் தோல் ஈரத்தால் சிதைந்து சில வருடங்களில் செதில் செதிலாக உதிரும். அது பயன்படுத்தினாலும் உதிரும், பெட்டியில் வைத்தாலும் உதிரும். அதனால் வாங்கும் முன் பேட் தனியாகக் கிடைக்கிறதா, எப்படி மாட்டுவது என்று பார்த்துவிடுங்கள். பசை போட்டு ஒட்டுவது, கொக்கியில் மாட்டுவது, எம்பிரியன் போலக் காந்தத்தில் ஒட்டுவது என்று பல வகை. ஒட்டுகிற வகையில் மரத்தின் மேல் நேராகப் பசை பட்டால் பேடை உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரலாம்.

---

நேர்கோடு

ஒரு கேள்வி. மரம் ஒலியை மாற்றுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒலி வேண்டாம் என்று இழையைத் தொடங்கியவர் சொன்னாலும் இது கட்டுமானத்தோடு சேர்ந்த விஷயம்தானே?

---

மாலைநேரக்_கேட்பான்

சேர்ந்ததுதான், ஆனால் அளவோடு. ஓப்பன் பேக்கில் மரம் என்பது டிரைவரைச் சுற்றிய ஒரு வளையம். பின்னால் ஒலி போகும் வழியில் அது கிட்டத்தட்ட இல்லை. அங்கே வால்நட்டா ஈட்டி மரமா (ரோஸ்வுட்) என்பதைவிட உங்கள் பேட் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பது பல மடங்கு கேட்கும். குளோஸ்டு பேக் கதை வேறு. அங்கே கப்தான் பின்னறை. அதன் வடிவம், உள்சுவரின் வளைவு, உள்ளே வைக்கும் கம்பளி அல்லது பஞ்சு, சுவரின் தடிமன் எல்லாம் கேட்கும். அப்போதும் மரத்தின் பெயரைவிட வடிவம்தான் முதலில் வரும். இசட்எம்எஃப் நிறுவனம் ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி டிரைவரை எடுத்து மரக் கப்பில் பொருத்தித்தான் பெயர் வாங்கியது. டிரைவர் பழையதுதான், மாறியது கப்பும் உள்ளே இருந்த பஞ்சும் பேடும். மரத்துக்கு மட்டும் அந்தப் புகழைக் கொடுத்தால் மற்ற வேலை எல்லாம் மறைந்துபோகும்.

---

உளியும்_கொட்டாப்புளியும்

ஒத்துக்கொள்கிறேன். மரத்தை நேசிக்கிறவன்தான் நான், ஆனாலும் மரத்துக்கு இல்லாத மந்திரத்தை ஏற்றிச் சொல்ல மாட்டேன். தொடும்போது உலோகம் போலச் சில்லென்று இல்லாமல் இருப்பது, வருடம் ஆக ஆக நிறம் முதிர்வது, அடிபட்டால் தேய்த்துச் சரிசெய்ய முடிவது, இவையே அதை விரும்பப் போதுமான காரணங்கள்.

ஈட்டி பற்றிச் சொன்னதால் ஒன்று. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் கிட்டத்தட்ட முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் உடன்படிக்கையின் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) இரண்டாம் பட்டியலுக்குள் வந்தது. எல்லை தாண்டி வாங்குபவர்கள், விற்பவர்கள் மரத்தின் பெயர் ரசீதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

---

கழுத்துவலி

எடைதான் முதலில் என்பதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். என்னிடம் 400 கிராமை ஒட்டிய ஒன்றும் 600க்கு மேலான ஒன்றும் இருக்கின்றன. 600தான் அதிக நேரம் தலையில் இருக்கிறது. காரணம் கிளாம்ப் அழுத்தம், அதாவது கப்கள் இரு பக்கமும் தலையைக் கவ்வும் அழுத்தம். லேசானதில் யோக் இறுக்கமாக வளைந்து தாடை மூட்டைப் பிடிக்கிறது. கனமானது தாடையைத் தொடுவதே இல்லை, பட்டை சுமையை வாங்கிக்கொள்கிறது.

யோக் இரண்டு திசையிலும் திரும்ப வேண்டும் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. மேலும் கீழும் சாய்வது எல்லாவற்றிலும் இருக்கும். செங்குத்து அச்சில் இடம் வலமாகத் திரும்புவது பலவற்றில் இல்லை. மனிதத் தலை காதுக்குப் பின்னால் குறுகும். கப் அதற்கேற்பத் திரும்பவில்லை என்றால் பேட் முன்னால் நசுங்கும், பின்னால் திறந்திருக்கும். அழுத்தமும் சமமில்லை, மூடலும் இல்லை.

கேபிளையும் எடையில் சேருங்கள். விரல் தடிமனில் பின்னிய செம்புக் கேபிள் படத்தில் அழகாக இருக்கும். தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு பக்கம் இழுக்கும். சாக்கெட் நேரே மரத்தில் பதிந்திருந்தால் அந்த இழுப்பு முழுக்க மரத்துக்குப் போகும், தச்சு வேலை அண்ணன் சொன்ன பலவீனமான இடத்துக்கே.

---

மாலைநேரக்_கேட்பான்

செங்குத்து அச்சு பற்றி எழுதியது மிகச் சரி, நண்பரே. எடையும் கிளாம்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்றுதான் நான் பார்க்கிறேன். கனமான ஹெட்போனைத் தலையில் நிறுத்தச் செய்பவர் கிளாம்பைக் கூட்டுவார். பட்டை நன்றாக இருந்தால் கூட்ட வேண்டியதில்லை. உங்கள் 600 கிராம் ஹெட்போனில் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் இரண்டும் ஒரே பட்டையும் யோக்கும் கொண்டிருந்தால் நான் 400ஐத்தான் எடுப்பேன். கழுத்தின் தசைக்கு எண் தெரியும்.

---

புதுவரவு_23

பழையது ஒன்று வாங்கப் போகிறேன், மர வளையம், ஓப்பன் பேக். காதில் அழுத்தும்போது கரகரவென்று சத்தம் வருவதாக விற்பவரே சொல்கிறார். டிரைவர் போய்விட்டதா?

---

சுருதிப்பெட்டி

கட்டாயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மூடல் நன்றாக இருக்கும் பேடோடு கப்பை வேகமாகக் காதில் அழுத்தினால் உள்ளே அடைபட்ட காற்று படலத்தைத் தள்ளும். மெல்லிய படலம் என்பதால் அது நெளியும் சத்தம் கேட்கும். பாட்டு ஓடும்போதும், தலையை அசைக்காமல் இருக்கும்போதும் அந்தச் சத்தம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அடி அதிர்வெண்ணிலிருந்து மெல்ல ஏறும் சைன் ஸ்வீப்பை மிதமான ஒலியில் ஓடவிட்டு இரண்டு காதையும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்காவது உரசல் வந்தால் விட்டுவிடுங்கள். வாங்கினால் போடும்போதும் கழற்றும்போதும் மெதுவாக, பேடின் ஒரு விளிம்பைத் தூக்கிக் காற்றை விட்டுச் செய்யுங்கள்.

பின்பக்க வலையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் காந்தங்கள் பலமானவை. பட்டறை மேசையில் வைத்த ஹெட்போன் இரும்புத்தூளை இழுத்துக்கொள்ளும், அது படலம் வரை போனால் உரசல்தான்.

---

கழுத்துவலி

காந்தம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் அல்லது உடலுக்குள் பொருத்திய இதயக் கருவி இருந்தால் அவர் இதைக் கழுத்தில் மாட்டி மார்பில் தொங்கவிடக் கூடாது. காந்தம் உள்ள பொருள்களைக் கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்வது பொதுவான அறிவுரை. பெரிய பிளானர் என்றால் அதைவிடத் தள்ளியே இருக்கட்டும், மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

புதுவரவு_23

நேரில் போய் ஸ்வீப் ஓடவிட்டேன். பாட்டில் உரசல் இல்லை, அழுத்தும்போது மட்டும்தான். ஆனால் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் நகத்துக்கு ஒரு கோடு தட்டுப்பட்டது, அரை அங்குலம்கூட இருக்காது. விற்பவருக்கே அது தெரியவில்லை. பசை வைத்து ஒட்டிவிடலாமா, விட்டுவிடலாமா?

---

உளியும்_கொட்டாப்புளியும்

கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள். ரேகையோடு ஓடி நடுவிலேயே நின்றுவிட்டால், மெல்லிய சயனோ பசையை (சூப்பர் குளூ) ஒரு ஊசி முனையில் எடுத்து வைத்தால் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும், நிற்கும். விளிம்பு வரை போய்விட்டால் அது கீறல் இல்லை, பிளவு. அதைக் கழற்றி இறுக்கி ஒட்ட வேண்டும், அப்போதும் மரம் ஏன் பிளந்தது என்ற காரணம் உள்ளேயே இருக்கும். சாக்கெட்டைத் தாங்கும் திருகுகளைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் கோடு மூடிக்கொண்டால் இறுக்கம்தான் காரணம். திருகு ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கினால் மறுபடி வராது. டிரைவர் பக்கம் பசையின் ஆவி போகாமல் துணி வைத்து மூடிக்கொள்ளுங்கள்.

---

கண்ணாடி_போட்டவள்

மெமரி ஃபோம் வைத்த சாய்வான பேட் வந்து மாட்டிவிட்டேன். பேஸ் திரும்பிவிட்டது. வலி குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை. இடது காதுக்கு மேலே மட்டும் இன்னும் அழுத்துகிறது. கழுத்துவலி அண்ணன் சொன்னபடி கண்ணாடி முன் நின்று பார்த்தேன், இடது கப் செங்குத்து அச்சில் திரும்பவில்லை, யோக் முளை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் தாராளமாகத் திரும்புகிறது. அந்த முளைக்கு எண்ணெய் விடலாமா, இல்லை வாஷர் மாற்ற வேண்டுமா?

---

கழுத்துவலி

எண்ணெய் வேண்டாம், மரத்தில் ஊறிக் கறை விழும். முளையின் திருகைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் உள்ளே நைலான் வாஷர் நசுங்கியிருக்கும். வலது பக்கத்தையும் கழற்றி, அதிலுள்ள வாஷரின் தடிமனை அளந்து அதே அளவில் இரண்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.